வகுப்புக்குப் போகாமல் விட்டால் பெயர் தானாகப் போய்விடுமா? கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில், அதாவது இரண்டாண்டு அரசுக் கல்லூரிகளில், மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அளவு) 46 டாலர்தான். செலவு குறைவு என்பதாலோ என்னவோ, ஒரு பாடம் ஒத்துவரவில்லை என்றால் சத்தமில்லாமல் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. ஆசிரியரே பெயரை எடுத்துவிடுவார் என்று ஒரு நினைப்பு. இருக்கிற தவறுகளில் அதிக சேதம் செய்வது இதுதான்.

அந்த நினைப்பில் பாதி உண்மை இருக்கிறது. பருவத்தின் 20 சதவீதம் முடிகிற நாளைச் சென்சஸ் தேதி என்பார்கள். பெரும்பாலான வகுப்புகளுக்கு, அரசிடமிருந்து வரும் பணம் அன்றைய தலைக்கணக்கோடு கட்டுண்டது. அதனால் அதுவரை எட்டிப்பார்க்காதவர்களின் பெயரை ஆசிரியர் நீக்கியாக வேண்டும். அதற்கப்புறம் காணாமல் போனால், நீக்குவதும் விடுவதும் பெரும்பாலும் அவர் விருப்பம். அவர் கண்டுகொள்ளாமல் விட்டால் பருவ முடிவில் எஃப், அதாவது ஃபெயில், வரும்.

முறைப்படி விலகுவதற்கு மூன்று தேதிகள் உண்டு. முழுப் பருவ வகுப்பென்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்சஸ் தேதிக்குள், அதாவது ஏறக்குறைய மூன்றாம் வாரத்துக்குள் விலகினால் மதிப்பெண் பட்டியலில் சுவடே இருக்காது. அதற்குமேல், பருவத்தின் 75 சதவீதம் வரை விலகலாம், ஆனால் டபிள்யூ (வித்ட்ரான், விலகினார்) என்று பதிவாகும். அதையும் தாண்டினால் கிடைக்கிற கிரேடுதான். எட்டு வார வகுப்புக்கும் கோடை வகுப்புக்கும் இதே சதவீதக் கணக்கு என்பதால் தேதிகள் மிகச் சீக்கிரம் வந்துவிடும். பொதுக் காலண்டரைப் பார்த்து ஏமாறாமல், போர்ட்டலில் அந்தந்த வகுப்புக்கென்று போட்டிருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும்.

எஃப்புக்கும் டபிள்யூவுக்கும் எவ்வளவு வித்தியாசம்? மூன்று யூனிட் பாடங்கள் நான்கு எடுத்த ஒருவர் இரண்டில் ஏ, ஒன்றில் பி வாங்கி, நான்காவதை அப்படியே விட்டு எஃப் வாங்கினால் ஜிபிஏ, அதாவது ஏக்கு 4, பிக்கு 3, எஃப்புக்கு 0 என்று போடும் சராசரி, 2.75. அதே நான்காவதில் முறைப்படி விலகியிருந்தால் 3.67. பத்து நிமிட வேலை.

அதற்காக டபிள்யூவை இலவசம் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. படிப்பில் பின்தங்கியவர்களைக் கல்லூரி எச்சரிக்கையில் வைப்பதைப் புரொபேஷன் என்பார்கள். அது இரண்டு வகை. 12 யூனிட் முயன்றபின் ஜிபிஏ 2.0க்குக் கீழே இருந்தால் ஒன்று. மொத்தம் 12 யூனிட்டாவது பதிந்தவர் எடுத்ததில் பாதியோ அதற்கு மேலோ டபிள்யூ, இன்கம்ப்ளீட் (முடிக்காதது), நோ பாஸ் (தேறாதது) என்று நின்றால் இன்னொன்று. மேலே சொன்ன மாணவர் முதல் பருவத்திலேயே இரண்டு பாடங்களிலிருந்து விலகினால், மீதி இரண்டிலும் ஏ வாங்கியிருந்தாலும் இரண்டாவது வகையில் மாட்டிக்கொள்வார். 4.0 வைத்துக்கொண்டு புரொபேஷனா என்று வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். சில கல்லூரிகள் இப்போது புரொபேஷன் என்பதற்குப் பதில் நோட்டீஸ் என்று மென்மையாகச் சொல்கின்றன. விளைவு அதேதான்: இரண்டு பருவம் தொடர்ந்தால் வகுப்புப் பதிவில் முன்னுரிமை போகும், மாநிலம் தரும் கட்டண விலக்கும் போகலாம்.

நிதியுதவி அலுவலகத்தின் கணக்கு வேறு. அங்கே எடுத்த யூனிட்டுகளில் சுமார் 67 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும். டபிள்யூவும் எஃப்பும் எடுத்த கணக்கில் சேரும், முடித்த கணக்கில் சேராது. மத்திய அரசின் உதவித்தொகை வாங்குகிறவர் பருவத்தின் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகினால் ஒரு பகுதியைத் திருப்பித் தர நேரலாம். விலகாமலே எல்லாவற்றிலும் எஃப் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. கடைசிவரை படித்துத் தோற்றாரா, நடுவில் நின்றுவிட்டாரா என்று கல்லூரி பார்த்தாக வேண்டும்.

வருகைப்பதிவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 75 சதவீதம், குறைந்தால் மருத்துவச் சான்றிதழ், கண்டனேஷன் கட்டணம் என்று பழகிய பெற்றோர் இங்கேயும் அப்படியொரு பொது எண்ணைத் தேடுகிறார்கள். கிடையாது. ஒவ்வொரு ஆசிரியரும் பருவத் தொடக்கத்தில் தரும் சிலபஸ் என்ற வகுப்பு விதித்தாளில் இருப்பதே விதி. ஒருவர் சில நாள் வராததற்கே பெயரை எடுப்பார், இன்னொருவர் கேட்கவே மாட்டார். முதல் வகுப்புக்கே வராவிட்டால் அந்த இடம் வெயிட்லிஸ்டில் இருப்பவருக்குப் போய்விடலாம். ஆன்லைன் வகுப்பில் கேன்வாஸ் என்ற பாடத் தளத்தில் லாகின் செய்துவிட்டு வந்ததை வருகை என்று நம்புவது இன்னொரு சிக்கல். நிதியுதவி விதிப்படி வெறும் லாகின் வருகையாகாது. பயிற்சித்தாள், வினாடிவினா, பாட விவாதத்தில் ஒரு பதிவு என்று ஏதாவது செய்திருக்க வேண்டும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இது கிரேடோடு முடிகிற விஷயமில்லை. பருவத்துக்கு 12 யூனிட் வேண்டும், அதில் ஆன்லைன் பாடம் ஒன்றுதான், அதுவும் மூன்று யூனிட் வரைதான், கணக்கில் வரும். சர்வதேச மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதியில்லாமல் 12க்குக் கீழே போனால் விசா நிலையே ஆட்டம் காணும். வராததால் ஆசிரியரே பெயரை எடுத்திருந்தாலும் யூனிட் குறைவது குறைவதுதான். முதலில் அந்த அலுவலகம், பிறகுதான் டிராப் பட்டன்.

ஆனர்ஸ் என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. டீன்ஸ் லிஸ்ட் ஒரு பருவத்தின் மதிப்பெண்ணைப் பார்த்துத் தருவது. பல கல்லூரிகளில் 3.5 ஜிபிஏ கேட்பார்கள், கூடவே கிரேடுள்ள 12 யூனிட் முடித்திருக்க வேண்டும் என்பார்கள். ஒரு டபிள்யூ போட்டு 3.67 காப்பாற்றியவர் ஒன்பது யூனிட்டோடு அங்கே நின்றுவிடுவார். பாஸ், நோ பாஸ் என்று எடுத்த பாடமும் ஜிபிஏயில் சேராது. ஆனர்ஸ் புரோகிராம் வேறு. அதற்கு விண்ணப்பித்துச் சேர்ந்து தனி வகுப்புகள் எடுக்க வேண்டும். யுசிஎல்ஏ என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போக நினைப்பவர்களுக்கு இதுதான் உண்மையில் பயன்படும். சில கல்லூரிகளின் ஆனர்ஸ் மாணவர்களுக்கு டேப் என்ற திட்டத்தின் வழியே அங்கே முன்னுரிமைப் பரிசீலனை உண்டு. நல்ல மதிப்பெண் வாங்கும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கான பை தீட்டா கப்பா என்ற ஆனர்ஸ் சங்கத்திலிருந்து வரும் அழைப்பைப் பலர் மோசடி மெயில் என்று அழித்துவிடுகிறார்கள். அது 1918 முதல் இருக்கிற அமைப்பு. கட்டணம் கேட்பார்கள், சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். சந்தேகமிருந்தால் கல்லூரியில் அதற்கான ஆலோசகரைக் கேட்டால் போதும்.

ஹைஸ்கூல் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பதினைந்து வயதில் வாங்கிய டி கூட நிரந்தரக் கல்லூரிப் பதிவு. பிற்பாடு யுசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) விண்ணப்பத்தில் அதைக் காட்டியாக வேண்டும். அப்பா அம்மா கல்லூரிக்குப் போன் போட்டாலும் பயனில்லை. ஃபெர்பா என்ற மத்தியச் சட்டப்படி, வயது என்னவானாலும் கல்லூரிப் பதிவுகளின் உரிமை மாணவருடையது.

அரியர் எழுதித் தேறினால் பழையது மறைந்துவிடும் என்ற கணக்கும் இங்கே முழுசாகச் செல்லாது. மீண்டும் எடுத்தால் பழைய கிரேடை ஜிபிஏயிலிருந்து விலக்க முடியும், ஆனால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், அது தெரியும். ஒரு பாடத்துக்கு மொத்தம் மூன்று வாய்ப்பு. டபிள்யூவும் அதில் ஒன்றாகக் கழியும். நோய், விபத்து, குடும்பத்தில் மரணம் போன்ற காரணம் இருந்தால் எக்ஸ்க்யூஸ்டு வித்ட்ராயல் (தக்க காரணத்துக்காக ஏற்கப்படும் விலகல்) கேட்டு மனு போடலாம். அது வாய்ப்புக் கணக்கிலும் சேராது, புரொபேஷன் கணக்கிலும் சேராது. சான்றுகளோடு அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.