கேப் வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை

குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் எனக்கு வந்த கோளாறு இது: கேப் (சுத்தி அடித்ததும் வெடித்து நெருப்பு தரும் சின்ன உலோகத் தொப்பி) படாரென்று வெடிக்கும், உள்ளே மருந்து பற்றாது. அதுவும் அன்றைய முதல் சூட்டில் மட்டும். மருந்தை மாற்றியும் பலனில்லை.

குழல் காலி என்று உறுதிசெய்துகொண்டு கேப்பை மாட்டும் சிறு குழாயான நிப்பிளைக் கழற்றினேன். நெருப்பு போகும் துளையில் தார்போலக் கறுப்புப் பசை. துப்பாக்கியை வாய் மேலாக நிறுத்தி வைத்ததால், பூசிய எண்ணெய் அடியில் இறங்கி மிச்சக் கசடோடு கலந்திருந்தது.

கரிமருந்தின் (இதில் போடும் கறுப்பு வெடிமருந்து) கசடில் பாதிக்குமேல் உப்புகள்தான், தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி சோப்பு போதும். கொதிக்கும் நீர் ஊற்றினால் குழல் காயும்போதே மெல்லிய துரு படிகிறது. குழலின் அடி குறுகலாக இருந்தால் வழக்கமான துணி அங்கே எட்டாது. சின்னத் தூரிகை வேண்டும். இதைத்தான் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். பிறகு உலர்த்தி, எண்ணெயை லேசாகப் பூசி, ஓரிரு நாள் வாய் கீழாக வைக்கிறேன்.

சுடுமிடத்தில், கெட்டிப்பதற்கு முன் உலர்ந்த துணியால் எண்ணெயைத் துடைக்கிறேன். பிறகு வெறும் குழலின் வாயை ஒரு புல்லுக்கு நேரே பிடித்து 2 கேப் வெடிப்பேன். புல் துடித்து அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் மருந்து போடவே கூடாது.

கெட்டித்த பிறகு பற்றாமல் போனால், குறைந்தது 1 நிமிடமாவது வாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். தாமதமாகப் பற்றுவதுண்டு. அதன்பின்தான் புதுக் கேப்.