பொதுச் சுகாதாரப் பட்டம்: நம்ம பிள்ளைகள் கோட்டை விடும் இடங்கள்

உயர்தரத்தில் உயிரியல் செய்துவிட்டு வருகிற பலர், நோயின் பெயரையும் குணங்குறிகளையும் பாடமாக்கினால் இந்தப் பட்டத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். புள்ளிவிபரவியல் கடைசிக் கிழமைக்குத் தள்ளிப் போகிறது. அடி விழுவதும் அங்கேதான்.

எத்தனை பேருக்கு நோய் என்பதோடு, எத்தனை பேரில் என்றும் கேட்கப் பழகுங்கள். ஒரு பிரிவில் 60 டெங்கு நோயாளர், பக்கத்துப் பிரிவில் 30 பேர் என்று வைப்போம். முதலாவதின் சனத்தொகை 1,20,000, மற்றதில் 20,000. லட்சத்துக்குப் பார்த்தால் 50, 150. சின்னப் பிரிவில்தான் ஆபத்து கூட.

நுளம்புக் குடம்பிக் கணக்கும் இப்படித்தான் குழப்பும். 100 வீடு பார்த்ததில் 8 வீடுகளில் குடம்பி. அந்த வீடுகளில் குடம்பி இருந்த பாத்திரங்கள் 12. நூறு வீட்டில் குடம்பி உள்ள வீடுகளைச் சொல்லும் வீட்டுச் சுட்டெண் 8, நூறு வீட்டுக்குக் குடம்பி உள்ள பாத்திரங்களைச் சொல்லும் பிரெட்டோ சுட்டெண் 12. மாரி மழை விட்டதும் உங்கள் வளவில் சிரட்டை, டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், பிறகு இரண்டு சுட்டெண்ணும் மாறிப்போகாது.

அடுத்தது கள ஆய்வு. பஸ் வசதி என்று கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடியோடு நின்றுவிட்டு, தலைப்பில் ‘மட்டக்களப்பு மாவட்டம்’ என்று போடுகிறார்கள். வயல் வேலையில் தொற்றும் எலிக்காய்ச்சலைப் பற்றிய ஆய்வில், வாவிக்கு மேற்கே வயல் நிறைந்த படுவான்கரையை விட்டால் என்ன மிஞ்சும்? அங்குள்ள வவுணதீவு, வெல்லாவெளிக்கும் போகத்தான் வேணும். அதுவும் பெரும்போக அறுவடை நேரம் பகலில் போனால் வீட்டில் ஆளிருக்காது, பின்னேரம் போங்க.

கேள்வி கேட்கும் விதமும் இருக்கிறது. “தண்ணி கொதிக்க வச்சா குடிக்கிறீங்க?” என்றால் எல்லாரும் “ஓம் புள்ள” என்பார்கள். “இன்டைக்குக் குடிக்கிற தண்ணி எது, காட்டுறீங்களா?” என்று கேளுங்கள். சில வீடுகளில் நேரே கிணற்றடிக்கே கூட்டிப் போவார்கள்!

பட்டம் முடித்ததும் பி.எச்.ஐ. ஆகிவிடலாம் என்ற நினைப்பும் பரவலாக உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களை சுகாதார அமைச்சு தனியாக ஆட்சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறது; களுத்துறை தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் அதில் முக்கியமானது. தனியார் நிறுவனத்தில் சேருவதானால், பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று காசு கட்ட முன்னரே பாருங்கள்.