மலைநாட்டில் அமைதியான சைக்கிள் பாதை: தேடுவது முதல் இறங்குவது வரை

சைக்கிள் ஓடத் தெரியும், ஆனால் இலங்கையின் மலைநாட்டில் ஓடிப் பழக்கமில்லை என்பவர்களுக்கு இது. முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவோம். பெரிய வீதிகளான பேராதனை–பதுளை ஏ5, அவிசாவளை–நுவரெலியா ஏ7, எல்ல–வெல்லவாய ஏ23 மூன்றும் சனி ஞாயிறில் வேண்டாம். நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதி எந்த நாளும் வேண்டாம். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி 7 பேர் இறந்த இறக்கம் அது.

படி 1: காலம்

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை. அதே மாதங்களில் மலையைத் தாண்டிய ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊவாவுக்கு மழை. தேயிலைக்குத் தரமான பருவம் எந்தப் பக்கமோ, சைக்கிளுக்கும் அந்தப் பக்கம்தான்: ஊவாவுக்கு ஜூலை–செப்டெம்பர், ஹட்டன் பக்கத்து டிம்புள்ளைக்கு ஜனவரி–மார்ச். கொழுந்துக்கு ருசி ஏற்றும் காய்ந்த காற்றே ரோட்டையும் காயவைக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கம் போனாலும் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள், பின்னேரம் இடியோடு கொட்டும். ஏப்ரலில் சீசன் கூட்டம், நுவரெலியாவை நினைக்கவே வேண்டாம்.

படி 2: மெப்பில் பாதை பிடிப்பது

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

பாதை போட்டுத் தரும் அப்கள் ஏற்றத்தை ஒரு கோட்டுப் படமாகக் காட்டும். மலைநாட்டில் அந்தப் படத்தை நம்பக்கூடாது. பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது செய்மதியில் எடுத்த உயரத் தரவு. ஏறத்தாழ 30 மீற்றர் சதுரத்துக்கு ஒரே ஓர் உயரம்தான். நம் பாதைகளோ மலையின் விலாவை வெட்டிப் போட்டவை. சரிவு 30 பாகை என்று வையுங்கள். மெப்பில் பாதை 15 மீற்றர் பக்கவாட்டில் தள்ளி விழுந்தால் உயரம் 8, 9 மீற்றர் பிழைக்கும். தட்டையான ரோட்டில்கூட 15% ஏற்றம், உடனே 12% இறக்கம் என்று வாள் பல் போல் படம் வரும், மொத்த ஏற்றமும் ஊதிப்போகும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல பாதையை விட்டுவிட்டு, படத்தில் வழுவழுப்பாகத் தெரியும் பெரிய வீதிக்கே போய்விடுகிறார்கள்.

மாற்று வழி இது. சம உயரக் கோடு காட்டும் மெப்பை எடுங்கள். ஒஸ்மாண்ட் (OsmAnd) என்ற அப் என் தெரிவு, சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் வேலை செய்யும். பாதை அந்தக் கோடுகளோடு சேர்ந்து வளைந்து வளைந்து போனால் அது கிட்டத்தட்ட மட்டம். கோடுகளை வெட்டிக்கொண்டு நேரே ஏறினால் அது குறுக்கு, விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு முனைகளின் உயரத்தை மட்டும் பார்த்து, வித்தியாசத்தை மீற்றரில் எடுத்து, தூரத்தைக் கிலோமீற்றரில் எடுத்து வகுங்கள். 3 கிலோமீற்றரில் 120 மீற்றர் என்றால் கிலோமீற்றருக்கு 40, அதாவது 4%. 50 வரை பேசிக்கொண்டே ஏறலாம், 80க்கு மூச்சு வாங்கும், 100ஐத் தாண்டினால் புதியவர் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். இடையில் ஏறி இறங்கும் பாதைக்கு இந்தக் கணக்கு போதாது. நுவரெலியா 1,868 மீற்றர், பட்டிப்பொல ரயில் நிலையம் 1,898. வித்தியாசம் வெறும் 30 மீற்றர் என்று நம்பிப் போனால் நடுவில் உள்ள மேடுகள் காலைப் பிடிக்கும். அப்படியான பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள்.

படி 3: ஆட்களிடம் கேட்பது

தோட்டத்தில் "இந்த ரோட்டுல போகலாமா?" என்று கேட்டால் "போகலாம் தம்பி" என்றுதான் பதில் வரும். நடந்து போகிறவருக்கு எல்லா வழியும் வழிதான். "கொழுந்து லொறி போகுமா அண்ணே?" என்று கேளுங்கள். லொறி பெக்டரிக்குப் போகும் பாதையென்றால் சைக்கிளுக்கும் ஏறும். "மேல் கணக்கு வரைக்கும்தான் லொறி, அங்கிட்டு படிக்கட்டு" என்று சொன்னால் (மேல் கணக்கு என்பது தோட்டத்தின் மேல் பிரிவு) திரும்ப வேண்டிய இடமும் தெரிந்துவிட்டது. தோட்டப் பாதைகள் கம்பெனிக்குச் சொந்தம், கேட்டில் வாச்சர் இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 4: சைக்கிள்

முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்திலும் 34 பல். இதற்குக் கடினமான கியர் வேண்டாம். நிமிடத்துக்கு 60 தரம் மிதித்தால் மணிக்கு 7.5 கிலோமீற்றர், அந்த வேகத்தில்தான் புதியவர் மலை ஏறுவார். பின்னால் 28 பல்லே பெரியது என்றால் அதே மிதிக்கு 9க்கு மேல் போயாக வேண்டும், முழங்கால் தாங்காது. முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள பழைய மவுண்டன் பைக், உள்ளூர் லுமாலாவானாலும் சரி, விலை கூடிய ரேஸ் சைக்கிளைவிட இங்கே உதவும். டயர் அகலம் 35 மில்லிமீற்றர், மேற்பரப்பு வழுவழுப்பாக. முள் டயர் ஈரத் தாரில் வழுக்கும்.

படி 5: இறங்குவது

சைக்கிளும் ஆளும் சேர்ந்து 92 கிலோ, இறக்கம் 300 மீற்றர் என்றால், ஒரு லீற்றர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடாக்கும் அளவு சக்தி வெளியேற வேண்டும். மெதுவாக இறங்கினால் காற்று அதில் மிகக் கொஞ்சம்தான் எடுக்கும், அநேகமாக எல்லாம் பிரேக்குக்கே. பயத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு இறங்குவதால்தான் றிம் சூடேறி டியூப் வெடிக்கிறது. வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் இடையில் நின்று றிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்றால் பத்து நிமிடம் ஆறட்டும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

பஸ் வந்தால் பலரும் இடப்பக்கம் ஒதுங்கி ஓடப் பார்ப்பார்கள். அங்கே கான் (மழைநீர் வடிகால்) மூடியில்லாமல் இருக்கும், பல இடத்தில் புல் மறைத்திருக்கும். ஒதுங்கி ஓடாதீர்கள், இறங்கி நில்லுங்கள்.

எங்கே தொடங்குவது

அப்புத்தளை–தம்பேதன்ன பெக்டரி: சுமார் 10 கிலோமீற்றர், மலை விலாவோடு போகிறது, முதல் நாளுக்கு இதைவிட நல்லது இல்லை. பெக்டரி 1890இல் லிப்டன் கட்டியது. அங்கிருந்து லிப்டன் சீட் வரை 7 கிலோமீற்றர் ஏற்றம் தனிக்கதை, காலையிலேயே போகாவிட்டால் மேலே பனிமூட்டம்தான்.

நோர்வூட்–பொகவந்தலாவை: கெஹெல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கு. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை பஸ்கள் ஹட்டனிலிருந்து நோர்வூட் வரை வந்து மஸ்கெலியாப் பக்கம் திரும்பிவிடும், பொகவந்தலாவைக் கிளை அமைதியாகவே இருக்கும். ஆகவே நோர்வூட் வரை சைக்கிளை ஓட்டோவில் ஏற்றிப் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

பிளாக்பூல் சந்தி–அம்பேவெல–பட்டிப்பொல: இரண்டு மேற்சட்டை வேண்டும். வார நாளில் போங்கள். பட்டிப்பொலைக்கு அப்பால் ஹோட்டன் சமவெளிப் பூங்கா கேட், அங்கே திரும்பிவிடலாம்.

பின்சேர்க்கை

2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு மெப்பில் இருக்கும் பாதையெல்லாம் தரையில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். முதல் நாளே அந்த ஊர்க் கடையொன்றில் விசாரியுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மண்சரிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை வரும். மஞ்சள் என்றாலே பயணத்தைத் தள்ளிப்போடுவது என் வழக்கம்.

தோட்டப் பக்கம் குளவிக் கூட்டையும் கவனிக்க வேண்டும். பெரிய மரத்தின் கீழ் இளைப்பாறுவதற்கு முன் மேலே பாருங்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு சைக்கிளைப் போட்டுவிட்டு விலகுங்கள். லயத்து நாய்க்கு இவ்வளவு தேவையில்லை. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் போதும்.

டியூப்: 26 அங்குலம் சின்ன டவுனிலும் கிடைக்கும், 700 அளவு கிடைப்பது கஷ்டம், இரண்டு கொண்டு போங்கள். அந்த டியூப்பில் மெல்லிய வால்வ் இருந்தால், கராஜ் காற்று பம்ப் அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை இப்போதே வால்வில் முடுக்கி வைத்துவிடுங்கள்.