மூச்சு வாங்குகிறவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது

நுரையீரல் நோய் முற்றியவரை (சீட்டில் சி.ஓ.பி.டி. என்று இருக்கும்) வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, விரலில் ஆக்ஸிமீட்டரை (ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி) மாட்டிவிட்டு அந்த எண்ணையே வெறித்துக்கொண்டிருப்பது. நானும் அதைத்தான் செய்தேன். அம்மாவுடையது முப்பது வருடம் விறகடுப்புப் புகை குடித்த நுரையீரல். 90 காட்டினாலே பயந்துபோய் ஆக்ஸிஜனைக் கூட்டிவிடுவேன். கூட்டக் கூடாது. இந்த நோயில் பெரும்பாலும் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பார்கள், அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் கரியமில வாயு உடம்பிலேயே தேங்கி, காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம் என்று வந்துவிடும். டாக்டர் எத்தனை லிட்டர் எழுதினாரோ அத்தனைதான்.

மூச்சு வாங்கும்போது படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, எதிரே ஸ்டூல் போட்டு, அதில் இரண்டு தலையணையை அடுக்கிக் கைகளை மடித்து முன்னால் சாயச் சொல்லுங்கள். டேபிள் ஃபேன் காற்று கன்னத்தில் படட்டும், அதுவே இளைப்பைக் கொஞ்சம் குறைக்கும். மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். "ஊதும்மா" என்று கத்தினால் அம்மா ஊதமாட்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊதினால் கூடவே ஊதுவார். அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், பதில் சொல்லவும் மூச்சு வேண்டுமே.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. வயிறு முட்டினால் மூச்சு முட்டும்.

ஆக்ஸிஜன் ஓடும் அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம், அடுப்புப் பக்கமும் குழாயோடு போகக் கூடாது. மூக்கு காய்ந்தால் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவாதீர்கள், தண்ணீர் கலந்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். கரண்ட் போனால் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) நின்றுவிடும், அதனால் ஒரு சிலிண்டர் எப்போதும் நிரம்பி இருக்கட்டும்.

அப்புறம் மார்ஃபின். பெயரைக் கேட்டதும் மாமா "போதை மருந்தா?" என்று எழுந்தே விட்டார். எல்லா மருந்தும் கொடுத்த பிறகும் அடங்காத மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவில், டாக்டர் மேற்பார்வையில் கொடுப்பது இது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், கூடவே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி நிவாரணச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை ஆம்புலன்சில் வைத்துக் கேட்க முடியாது. மூச்சு சீராக இருக்கும் ஒரு நல்ல நாளில் அவரிடமே கேளுங்கள். அம்மா யோசிக்கக்கூட இல்லை, "குழாய் போட்டு என்னைத் தனியா படுக்க வைக்காதே" என்றார். இதை எழுதியும் வைக்கலாம், 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து.

கடைசி நாட்களில் சாப்பாடு வேண்டாம் என்பார்கள். திணிக்காதீர்கள், புரையேறும். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தால் போதும். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்று நின்று வரும், கைகால் சில்லிடும், கையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல ஏதாவது பேசிக்கொண்டிருங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: வீட்டில் உயிர் பிரிந்தால் மரணத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுக்க ஒரு டாக்டர் வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முன்பே பேசி, அவர் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். நாங்கள் விடியற்காலை நாலு மணிக்கு அதற்குத்தான் அலைந்தோம்.