மரவாடியில் கழித்துப்போட்ட கறைப் பலகையில் ஒரு மணை

நம் பக்கத்தில் மாமரத்துக்கு மதிப்பில்லை. நத்தம், அழகர்கோவில் பக்கத் தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்த மரங்களை வெட்டினால், பெட்டி அடிக்கத்தான் போகும். அதிலும் ஐப்பசி மழையில் தரையில் கிடந்த கட்டை என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குத் தேவை அதுதான். அறுத்தால் உள்ளே சாம்பல், வெளிர்நீலம், நடுநடுவே மைப்பேனாவால் கிறுக்கியதுபோல் கருங்கோடுகள். “விறகு விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி” என்றார் மரவாடிக்காரர்.

அந்தக் கருங்கோடுகள் பூஞ்சையின் வேலை. இரண்டு பூஞ்சைக் கூட்டங்கள் மரத்துக்குள் எதிரெதிரே வந்து முட்டும்போது, பங்காளிகள் வேலி போடுவதுபோல் போட்டுக்கொள்ளும் தடுப்பு அது. நீலக்கறைப் பூஞ்சை மரத்திலுள்ள சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்னும். நாரை அவ்வளவாகத் தொடாது, அதனால் பலம் பெரிதாகக் குறையாது. வெளுத்துப் பஞ்சாகக் கிடக்கும் திட்டுகளில் நாரே தின்னப்பட்டிருக்கும்.

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். லேசாகத் தடம் விழுந்தால் பரவாயில்லை. நகம் புதைந்தால் அது இற்றுப்போன மரம், விட்டுவிடுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். பூச்சு ஏறிய பின் வரப்போகும் நிறம் ஏறக்குறைய அதுதான். ஆணியைச் சுற்றி மட்டும் கறுத்திருந்தால் அது இரும்புக்கறை, பூஞ்சை அல்ல.

காய வைப்பதில் அவசரம் வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் போட்டால் பலகை வெடித்துவிடும். இரு முனைகளிலும் பெயின்ட் அடித்து, இடையே குச்சி கொடுத்து, நிழலில் அடுக்குங்கள். மாதம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சையும் வேலையை நிறுத்திக்கொள்ளும்.

18 அங்குல நீளம், 12 அங்குல அகலத்துக்கு அறுத்து இழைத்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் கட்டாயம், பூஞ்சைத் தூசியோடு, மாமரத் தூளே சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். உப்புத்தாளை வெறும் விரலால் தேய்த்தால் மெத்தென்ற இடம் குழியும், கெட்டியான இடம் மேடாக நிற்கும். கட்டையில் சுற்றித் தேயுங்கள். என்னைக் கேட்டால், நம் ஆசாரிகள் பயன்படுத்தும் உடைந்த கண்ணாடிச் சில்லுக்கு ஈடாக எந்தச் சுரண்டியும் கிடையாது.

நான் கவிழ்ந்தது இதற்கு அடுத்த படியில். நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகத் தடவினேன். கால் மணி நேரத்தில் மெத்தென்ற திட்டுகள் எல்லாம் எண்ணெயைக் குடித்துக் கறுத்துவிட்டன. நீலமும் போயிற்று, கோடும் போயிற்று. எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையணை உறைபோல் ஆயிற்று என் பலகை. அதை மீட்க வழியே இல்லை.

எண்ணெய்க்கு முன் மரத்தின் வாயை அடைக்க வேண்டும். 50 கிராம் அரக்குச் சில்லை 500 மில்லி ஸ்பிரிட்டில், கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு ஊற வையுங்கள். இரும்பு டப்பா வேண்டாம், அரக்கு கறுத்துவிடும். பக்கத்தில் அடுப்பும் எரியக்கூடாது. துணியில் தொட்டு மெல்லியதாக ஒரு கை. காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் ஒரு தடவல். மெத்தென்ற திட்டுகளுக்கு மட்டும், உறிஞ்சுவது நிற்கும்வரை இன்னும் மூன்று நான்கு கை. வெளுத்த அரக்கையே வாங்குங்கள். சாதா அரக்கின் செம்மஞ்சள், நீலத்தை அழுக்காக்கிவிடும். அரக்கு பிடித்ததும் எனக்கு எண்ணெய் தேவையே படவில்லை. மேலும் இரண்டு கை அரக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

அடியில் குறுக்காக இரண்டு கால்கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று திருகாணிகள். நடுத் துளை மட்டும் அளவாக இருக்கட்டும். ஓரத் துளைகள் இரண்டையும் கட்டையின் நீளவாக்கில் நீட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் பலகை அகலும், கோடையில் சுருங்கும். இறுக்கிப் பிடித்தால் நடுவில் பிளக்கும்.

பின்சேர்க்கை: சூடான குழம்புச் சட்டியை மணைமேல் வைத்து வெள்ளை வட்டம் விழுந்துவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். மணை உட்காரத்தானே அம்மா!

இன்னொருவர் வீட்டில் மணைக்கடியில் தினமும் மாவு கொட்டுகிறதாம். அது உளுப்பு. மாமரத்தின் மாவுச்சத்துக்கு வண்டு வரும் என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். போரிக் அமிலத்தையும் வெங்காரத்தையும் வெந்நீரில் கரைத்து, இழைத்த வெற்று மரத்தில் இரண்டு முறை நன்றாகப் பூசிக் காயவிடுங்கள். அரக்குக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். அரக்கு ஏறிய மரத்துக்குள் இந்தக் கரைசல் இறங்காது. அவருக்கு, பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.