மேசைக்கு இந்தப் பக்கமிருந்து: இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் 11 வருடம் ஆள் எடுக்கும் வேலை பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முந்தின நாளே இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்குள் பஸ்ஸை விட்டு இறங்கி கேட் வரை நடப்பதே சில நேரம் பெரிய தூரம். நம்ம வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அரை மணி முன்னதாக வந்து, முகம் கழுவி, மூச்சு நிதானமான பிறகு உள்ளே போங்கள். ஒரிஜினல், ஜெராக்ஸ் இரண்டு செட். சரி, இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

பலர் தடுமாறுவது ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற முதல் கேள்வியில். அப்பா பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று ஒப்பிப்பார்கள். ஆம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும், “பயிற்சியில் எனக்குத் தையல் விட்டு விட்டு விழுந்தது சார். ஊசியை மாற்றிப் பார்த்தேன், சரியாகிவிட்டது” என்றார். சொல்லும்போதே விரலால் மேசையில் அந்த விட்டுப்போன தையலைப் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினார். இங்கிலீஷ் சுமார்தான். அன்று மாலையே ஆர்டர் கொடுத்தோம்.

அதுபோல் நீங்கள் கையால் செய்த ஒன்றை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். வீட்டில் அம்மா எதிரே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ‘தெரியாது சார், கற்றுக்கொள்கிறேன்’ என்று சொன்ன யாரையும் அதற்காக நான் கழித்ததில்லை.

அப்புறம், ‘ஏதாவது கேட்கணுமா?’ என்றால் தலையாட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஷிப்ட் நேரம் என்ன, கம்பெனி பஸ் ஆற்காடு வழியா, வாலாஜா வழியா என்று கேளுங்கள். வேலைக்கு வரத்தான் வந்திருக்கிறார் என்று எங்களுக்கும் புரியும்.