நாவல் கொட்டைச் சாறு: ஊதா மஞ்சளாவது வரை

கல்லீரலுக்கு விதைச் சாறு என்று ப்ராஜெக்ட் எடுப்பவர்கள் முதலில் தொடுவது டிபிபிஹெச் சோதனையைத்தான். டிபிபிஹெச் ஓர் ஊதா நிற ரேடிக்கல், அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு. ரேடிக்கலை அடக்கும் பொருளான ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்ந்தால் அது மஞ்சளாக வெளுக்கும். அந்தச் சோதனையை நாவல் கொட்டையில் செய்து பார்ப்போம். கல்லூரி ஆய்வகத்தில் செய்யுங்கள், வீட்டில் வேண்டாம்.

1. கொட்டையில் ஒட்டிய சதையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். சதையின் ஊதா நிறமியும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். அது கொஞ்சம் தங்கினாலும் கிடைக்கும் எண் கொட்டையுடையது அல்ல. பிறகு நிழலில் உலர்த்துங்கள். தரையில் போட்டால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். நான் முதல் தடவை அவசரப்பட்டு அரைத்து பாட்டிலில் அடைத்தேன். நாலாம் நாள் மூடியைத் திறந்தால் பூஞ்சை வாடை.

2. மிக்ஸியில் அரைத்துச் சலித்த தூள் 10 கிராம், 70% எத்தனால் 100 மில்லி. ஒரு நாள் மூடி வைத்து, அவ்வப்போது குலுக்கி, வடிகட்டுங்கள். அப்புறம் 50 டிகிரிக்கு மேல் போகாமல் வாட்டர் பாத்தில் வற்ற விடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. அடியில் பழுப்பாக, பிசினாக நிற்பதுதான் சாறு. எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. டிபிபிஹெச் 4 மில்லிகிராமை 100 மில்லி மெத்தனாலில் கரைத்து, வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றுங்கள். சாற்றையும் மெத்தனாலில் கரைத்து, ஐந்தாறு அளவுகளில் நீர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 1 மில்லிக்கு 3 மில்லி டிபிபிஹெச். இருட்டில் 30 நிமிடம். ஊதா மஞ்சளாக வெளுத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு குழாயும் 517 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளவெடுங்கள். சாறு சேர்க்காத குழாய் ஒன்றும், ஒப்பிட வைட்டமின் சி வரிசை ஒன்றும் கட்டாயம். சாறு சேர்க்காத அளவிலிருந்து சாறு சேர்த்த அளவைக் கழித்து, முன்னதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் தடுப்புச் சதவீதம், அதாவது டிபிபிஹெச்சில் எத்தனை சதவீதத்தைச் சாறு அடக்கியது என்பது.

4. சரி, 80% வந்துவிட்டது. உடனே 'கல்லீரலைக் காக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். டிபிபிஹெச் உடலில் இல்லாத ரேடிக்கல். குடல் அந்தச் சாற்றை உறிஞ்சுமா என்பதே தனிக் கேள்வி. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பேர்பெற்ற கிரீன் டீயின் செறிவூட்டிய சாறே சிலரின் கல்லீரலைப் பாதித்திருக்கிறது.

அடுத்த கட்டத்தில் எலிக்குக் கல்லீரலைக் கெடுக்கும் ரசாயனமான கார்பன் டெட்ராகுளோரைடு கொடுப்பார்கள். கல்லீரல் நொதி அதை ரேடிக்கலாக்கும். அது செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்க, செல்லுக்குள் இருக்க வேண்டிய ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற இரண்டு நொதிகளும் ரத்தத்தில் ஏறும். சாறு அந்த ஏற்றத்தைக் குறைக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒப்பீட்டுக்கு வைப்பதும் பெரும்பாலும் ஒரு விதைச் சரக்குதான்: மில்க் திஸில் விதையின் சிலிமாரின். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.